நேர்ந்துவிட்ட கிளாரினெட்

நெத்திலியின் தலையைக் கிள்ளி அப்படியே இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வயிறு பிய்ந்து விரலெல்லாம் கசப்பு. அந்த அளவு ஜெனிட்டாவின் விரல்களுக்குத் தெரியும், கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கிள்ளுவாள், இழுப்பாள், தலையைச் சிரட்டையில் போடுவாள், உடம்பை உப்புத் தண்ணீரில் போடுவாள். ஒன்றரைக் கிலோ மீன், முக்கால்வாசி இன்னும் சட்டியில் கிடந்தது. பின்வாசல் சிமெண்டுத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். கொடியில் காய்கிற பிள்ளைத்துணியின் நிழல் அவள் முழங்காலில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது. உதட்டுக்கு நடுவில் ரீடு. கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டுகிற நாணல் சீவல் அது, முனை காகிதத்தைவிட மெல்லிசு, எச்சிலில் ஊறினால்தான் பேசும். ஊதுகிற நாளோ ஊதாத நாளோ, காலையில் ஒரு மணி நேரம் அது அவள் வாயில் இருக்கும். பிள்ளைக்கி ரப்பர், தாய்க்கிக் குச்சி என்று மாமி சிரிப்பாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் மாமி வந்து நின்று கேட்டதும் அது வாயில் இருக்கும்போதுதான். கையெல்லாம் மீன், அதனால் ரீடைத் தொட முடியாது. துப்பினால் தரையில் பட்டு முனை உடையும், உடைந்தால் வேறு நல்ல ரீடு இல்லை. மாமி என்றால் அவள் புருஷன் டெரன்ஸின் அம்மா, சந்தனமேரி. கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள். "ஏளா ஜெனிட்டா, சொல்லணும் சொல்லணும்னு நாளாச்சு. பிள்ளை ஆசுபத்திரியில கெடந்தப்ப நான் மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். எந்திரிச்சிருச்சுன்னா ஒன் கிளாரினெட்ட கோவிலுக்குக் குடுத்துருதேன்னு. கொடியேத்தம் வருது. பேண்டுக்கு வாத்தியம் பத்தலன்னு மாஸ்டரும் பொலம்புதாரு. இன்னைக்கிக் குடுத்துருவோமா? ஒனக்குச் சம்மதந்தானே?" ஜெனிட்டாவின் தலை ஆடியது. "நல்லது மக்கா. நீ மறுப்புச் சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியும். பன்னெண்டு மணி அடிக்கிறதுக்குள்ள மாஸ்டரக் கூட்டியாந்திருதேன், பெட்டியத் தொடச்சு வையி." குடை விரிகிற சத்தம், முன்கேட்டின் கொக்கி விழுகிற சத்தம், அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

தலை எப்படி ஆடியது என்பதுதான் இப்போது அவளுக்கு விளங்கவில்லை. மேலும் கீழுமாகவா, பக்கத்துக்குப் பக்கமாகவா. மீன்மேல் ஈ வந்து உட்கார்ந்தது, அதை விரட்டத்தான் தலையை அசைத்தாளோ. ஈ வந்தது நிஜம். ஆனால் ஈயை விரட்டக் கையை அல்லவா அசைக்க வேண்டும். கை அசையவில்லை, கை பாட்டுக்கு நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தது, தலையில்லாத ஒன்று, குடலில்லாத ஒன்று, உப்புத் தண்ணீருக்குள் ஒன்று. இரண்டு எட்டு வைத்தால் குழாய். கையைக் கழுவி, சேலையில் துடைத்து, ரீடை எடுத்து வைத்துவிட்டு, மாமி ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம் ஆகுமா. மாமி நின்றுகொண்டுதானே இருந்தாள், சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியும் காத்திருக்காத மாதிரியும். வாய் அடைத்திருக்கிற நேரம் பார்த்துத்தான் கேட்டாளா. சேச்சே, மாமி அப்படிப்பட்டவள் இல்லை. பிரசவத்துக்கு அப்புறம் நாற்பது நாள் தன் கையால் வெந்நீர் ஊற்றியவள். அப்படிப்பட்டவள் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டு மீனைக் கிள்ளலாம். இன்னொன்றும் இருந்தது. ரீடு எப்போதோ ஊறிவிட்டது. பத்து நிமிஷம் போதும் அதற்கு, மிச்ச ஐம்பது நிமிஷமும் அது சும்மாதான் வாயில் இருக்கிறது, பேசாமல் இருக்க ஒரு சாக்காக. அதை நினைத்ததும் ஒரு மீன் பிய்ந்துபோயிற்று.

இதே பன்னிரண்டு மணிதான் வசுமதி அக்காவும் போனில் சொன்னது. எட்டு நாளாக அந்தப் பன்னிரண்டு மணி வந்துகொண்டே இருந்தது, இன்றைக்கு வந்துவிட்டது. "ஜெனிட்டா, இப்ப நான் எழுதியிருக்கறது பதினோரு நிமிஷம். ஒரே ஒரு கிளாரினெட், வேற யாரும் கிடையாது மேடையில. ஜனவரியில சென்னையில, நல்லா வந்தா ஏப்ரல்ல கொரியாவுக்குக் கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லிடு, நிகழ்ச்சித் தாளை அச்சுக்கு அனுப்பணும். நீ வரலன்னா பெங்களூர்ல ஒரு பொண்ணு இருக்கா, லண்டன்ல படிச்சவ, அவகிட்ட கொடுத்துடுவேன். எனக்கு இஷ்டமில்ல. ஆனா ரெண்டு தடவை கேட்டுட்டேன், மூணாவது தடவை கேட்க முடியாதும்மா." முதல் தடவை கேட்டபோது ஜெனிட்டாவுக்கு ஏழு மாசம், மூச்சைப் பிடித்தால் பிள்ளை உள்ளே உதைக்கும். வசுமதி அக்கா புது இசை எழுதுகிறவள். மேல்நாட்டு வாத்தியங்களுக்கு, அந்தப் பழைய பெரியவர்கள் எழுதியது மாதிரி இல்லாமல், இன்றைக்கு உட்கார்ந்து இன்றைக்கு எழுதுகிற இசை. நாலு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடித் திருவிழாவுக்கு ரெக்கார்டு பண்ணுகிற பெட்டியோடு வந்தவள், சப்பரத்துக்கு முன்னால் போன பேண்டில் இருபது வாத்தியத்துக்கு நடுவில் ஒரு கிளாரினெட் பிசிறுவதைக் கேட்டுக்கொண்டே கூட நடந்து வந்தாள். ஜெனிட்டாவின் மேல்பல் ஒன்று முனை உடைந்தது, எட்டாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்ததில். பள்ளிக்கூடமும் அந்த வருஷத்தோடு நின்றது. அந்தப் பல் படுகிற இடத்தில் சுரம் இரண்டாகப் பிளந்துவிடும். கீழே ஒன்று முனகும், மேலே ஒன்று கீச்சிடும், ஒரே மூச்சில் இரண்டும். "ஏளா, வாசிக்கச் சொன்னா வாத்துக் கழுத்த நெரிக்கியே" என்று மாஸ்டர் கத்துவார், பேண்டு முழுக்கச் சிரிக்கும், அவளுக்குக் காது வரைக்கும் சுடும். வசுமதி அக்கா கோவில் மதிலோரம் அவளை நிறுத்தி, "அதை இன்னொரு தடவை பண்ணு" என்றபோது கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தாள். பண்ணினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யாரும் அவள் தப்பைக் கண்ணை மூடிக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். அம்மாவை இழுத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி, சென்னையில் ஒரு மாடி ஹால், இருபது முப்பது பேர் நாற்காலியில், கைக்குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிப் போய்விடுகிற ஜனங்கள். அக்கா எழுதுகிற தாளில் கோடும் புள்ளியும் மட்டும் இல்லை, வட்டம், அம்பு, அலையடிக்கிற கோடு. சுரம் வாசிக்க அவளுக்குக் கோவிலில் கற்றுக்கொடுத்திருந்தார்கள், ஆனால் ஓரத்தில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு மூன்று நாள் தப்பாகவே வாசித்தாள். நாலாம் நாள் வந்து பார்த்தால் அவளுடைய தாளில் மட்டும் சிவப்பு மையில் தமிழ். இங்கே மூச்சு மட்டும். இங்கே விரல் மட்டும், ஊதாதே. இங்கே பிசிறட்டும். பிசிறட்டும் என்று ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படிக்கிறபோது வருவது சந்தோஷமா பயமா தெரியாது. இருட்டு ஹாலில் அவள் பிளந்த சுரத்தை ஊதி நிறுத்துவாள், நிறுத்தின பிறகும் அது எங்கேயோ சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவரைக்கும் யாரும் கைதட்டக் கூடாது, தட்டமாட்டார்கள். ஒரு வார்த்தை பேசத் திக்குகிறவளுக்காக முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது டெரன்ஸ் அந்த ஹாலில் எடுத்த வீடியோவைப் போனில் பார்த்தான். ஹார்பரில் டாலி கிளார்க், இறங்குகிற மூட்டையையும் ஏறுகிற பெட்டியையும் எண்ணுகிற வேலை, நல்ல மனுஷன், வாய்நிறையச் சிரிப்பு. "எட்டு நிமிஷம் காத்து வந்துச்சு, ஒம்பதாவது நிமிஷம் கைதட்டுதாவ, நடுவுல நான் எதையாவது விட்டுட்டனா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள். இன்றைக்கும் அந்த இடத்தில் வந்து மனசு தட்டி நிற்கிறது. யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை, சிரிக்காமல் தலையைக் குனிந்து இருந்திருக்கலாம், அதையும் வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போன வாரம் அவனிடம் சொன்னாள், சோறு போட்டுக்கொண்டே, பாதி வாக்கியமாக, ஜனவரியில அக்கா கூப்பிடுதாவ என்று. "போயேன், யாரு வேண்டாம்னா? அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றான், கேட்டுக்கோ என்று சொன்னால் கேட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு. எட்டு நாளும் மாமியின் பின்னாலேயே நடந்தாள், குடம் தூக்கும்போது, துணி மடிக்கும்போது, மாமி என்று கூப்பிடுவாள், மாமி திரும்புவாள், "மொளகாப்பொடி தீந்துபோச்சு மாமி" என்பாள்.

உள்ளே தொட்டில் கயிறு ஒருதரம் முனகியது. கை நின்றது. பிள்ளை லியோனா புரண்டு படுக்கிறாள். இருமல் வருமா என்று காது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வரவில்லை. மூச்சு மட்டும், சீராக. இங்கே மூச்சு மட்டும். ஆசுபத்திரியில் கிடந்த அந்த ஐந்து நாளையும் நினைக்கக் கூடாது என்றுதான் இருப்பாள், ஆனால் அது மீன்முள் மாதிரி, விழுங்க விழுங்க அங்கேயே நிற்கும். பிள்ளைக்கு அப்போது ஆறு மாசம், நெஞ்சுச்சளி, சின்ன முகத்தில் பாதியை மூடின பிளாஸ்டிக் மூடி, பகல் மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. பிள்ளை மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே போகும், விடும்போது ஒரு சத்தம். கீழே ஒரு கரகரப்பு, மேலே மெல்லிசாக ஒரு விசில். இரண்டும் சேர்ந்து. ஜெனிட்டா எண்ணிக்கொண்டிருந்தாள், நாலு எண்ணுவதற்குள் ஒரு மூச்சு, ஒரு நிறுத்தம், மறுபடியும், அந்த மேல்சத்தம் எவ்வளவு அழகாகத் தனியாகப் பிரிகிறது, நம்ம உதட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் இது வரும், வசுமதி அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டாள். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, தாய் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாட்டுக் கேட்கிற மாதிரி. யாருக்கும் தெரியாது, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, சாமியாரிடம் அதை எந்தப் பாவத்தில் சேர்த்துச் சொல்வது. பதறிப்போய் அப்போதே மாதாவைக் கூப்பிட்டாள். மெழுகுதிரி தருகிறேன் தாயே, பிள்ளை எடைக்கு. முடி தருகிறேன், வேளாங்கண்ணிக்கு நடந்தே வந்து தருகிறேன். தாலியிலிருந்து ஒரு பொன்குண்டு தருகிறேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து ஒன்றின் முன்னால் நின்றாள். அதை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. பிள்ளையே போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அதை மட்டும் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் நேர்ந்தது அப்போதுதான் போல. ஜெனிட்டா எதைக் கொடுக்காமல் ஒளித்தாளோ, சரியாக அதையே. மாமிக்குத் தெரிந்துதான் இருக்கிறது. இல்லாவிட்டால் வீட்டில் எத்தனை சாமான் கிடக்கிறது, டெரன்ஸின் பைக் இல்லையா, மாமியின் கம்மல் இல்லையா.

அடுத்தவர் பொருளை நேர்ந்துகொள்ளலாமா. மாதா அதைக் கணக்கில் எடுப்பாளா. எடுக்கமாட்டாள் என்றால் பிள்ளை ஏன் மறுநாள் கண்ணைத் திறந்து பால் குடித்தது. மருந்து குடித்தது, ஊசி போட்டார்கள், அதனால். ஊசி முதல் நாளிலிருந்தே போட்டார்கள், அஞ்சாம் நாள் மட்டும் ஏன் கேட்டது. கொடுக்கமாட்டேன் என்று இன்றைக்குச் சொல்லி, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால். மாமி ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள். டெரன்ஸ் ஒன்றும் சொல்லமாட்டான், சிரிக்காமல் இருப்பான். சரி, கொடுத்துவிட்டால். பெட்டியை மாஸ்டர் தூக்கிக்கொண்டு போவார், சப்பரத்துக்கு முன்னால் யாரோ ஊதுவார்கள், அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலோரம் நிற்பாள், "அம்மா வாசிச்ச வாத்தியம் பாரு" என்று மாமி பிள்ளைக்குக் காட்டுவாள், எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி அவளுக்கும் வேண்டும் போலத்தான் இருந்தது, அதுதான் அசிங்கம். பதினோரு நிமிஷம் தனியாக மேடையில் நிற்கவேண்டாம். ஆறு நாள் ஒத்திகைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்கவேண்டாம். அஞ்சு மாசமாக ஊதாத உதடு, பிசிறு வருமோ வராதோ, வராவிட்டால் அக்கா கண்ணைத் திறந்து பார்ப்பாளே, அந்தப் பார்வையும் வேண்டாம். பெங்களூர்ப் பெண்ணுக்கு எல்லாம் சுத்தமாக வரும். அவளுடைய தாளில் சிவப்பு மை இருக்காது, அவளுக்கு எதற்கு, படித்தவள். அவளுக்குப் பல்லும் முழுசாக இருக்கும். அப்புறம் அந்தப் பதினோரு நிமிஷத்தில் பிசிறட்டும் என்ற இடம் வரும்போது அவள் என்ன செய்வாள். எங்கேயோ படித்தபடி இரண்டு விரலை மாற்றி வைத்து வரவழைப்பாள், வரும், ஆனால் அது. அது வேற. சட்டியில் ஒரு கைப்பிடி மீன்தான் பாக்கி. இவ்வளவையும் எப்போது கிள்ளினாள்.

அடுக்களைச் சுவரில் கடிகாரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் என்று காட்டியது. சம்மதந்தானே என்று மாமி கேட்ட குரல் மறுபடி வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு குரலும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் கேட்டார், டெரன்ஸை உன் கணவனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா. அவள் தலையை ஆட்டினாள். சாமியார் குனிந்து, "வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார். சொன்னாள், அவளுக்கே கேட்கவில்லை. "மைக்கு கிட்ட வந்து சொல்லும்மா, தலையாட்டுனா செல்லாது." கோவில் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது, அவளுடைய அண்ணி பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். மூன்றாவது தடவை சம்மதம் சாமி என்ற சத்தம் ஒலிபெருக்கியில் கீச்சென்று கிளம்பி மேல்விதானத்தில் போய் இடித்தது. கிள்ளின மீன் கையிலேயே இருந்தது. செல்லாது என்றார். கோவிலுக்குள்ளேயே, பீடத்திலேயே, நற்கருணைக்கு முன்னாலேயே சொன்னார். தலையாட்டுனா செல்லாது. அப்படியானால் ஈ வந்ததோ, தலை எந்தப் பக்கம் ஆடியதோ, அதைப் பற்றிக் கேள்வியே இல்லை. அவள் வாய் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பெண் பார்த்த அன்றைக்குச் சொல்லவில்லை, டெரன்ஸிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. மாதாவுக்கு அவள் நேர்ந்தது மெழுகுதிரியும் முடியும் ஒரு குண்டும்தான், அதை அவள் கொடுப்பாள். மாமி நேர்ந்ததற்கு மாமி ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும். இப்படி நினைத்ததும், யாரோ பின்னால் நின்று கேட்டுவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தாள். துணிதான் ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து குழாயடியில் கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு ஒருதரம், புளி தேய்த்து ஒருதரம், நாற்றம் போகவில்லை, போகாவிட்டால் போகட்டும். ரீடை வாயிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். உதடு மரத்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு திரும்பவும் பலகையிலேயே உட்கார்ந்தாள். அக்காவுக்கு அவள் எழுதி அனுப்புவதில்லை, எழுத்துக்கூட்டுவதற்குள் விடிந்துவிடும், எப்போதும் குரல்தான். மைக் படத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் பேசுவது பதியும், விரலை எடுத்த நொடியில் போய்விடும், திருப்பி வாங்குகிற வழி அவளுக்குத் தெரியாது. அமுக்கினாள். சிவப்புப் புள்ளி துடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஓடியது, அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள், ஏழு, எட்டு, மூச்சு மட்டும் பதிந்துகொண்டிருந்தது. "அக்கா." தொண்டை பிசிறியது. "அக்கா, நான் ஜெனிட்டா பேசுதேன். நான் வாறேன். ஜனவரிக்கு நான் வாறேன், எம்பேரப் போட்டுருங்க. பிள்ளையையும் தூக்கிட்டுத்தான் வருவேன், எங்க அம்மா கூட வருவாவ. கிளாரினெட் எங்கிட்டதான் இருக்கு அக்கா, அத வந்து கேக்காவ, ஆனா நான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்கேட்டின் கொக்கி விழுந்தது, குடை மடங்கியது, இரண்டு ஜோடிச் செருப்பு வாசலில் கழன்றது. இன்னும் சொல்லவேண்டியது இருந்தது, குடுக்க மாட்டேன் என்ற அந்த ஒன்றுதான் மிச்சம், அது அக்காவுக்குச் சொல்லவேண்டியது இல்லை என்றும் அப்போதுதான் பட்டது, எண் முப்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள வாங்க மாஸ்டர், காத்தாடிக்குக் கீழ உக்காருங்க. ஏளா ஜெனிட்டா, பெட்டிய எடுத்துட்டு வா மக்கா, மாஸ்டரு வந்துட்டாரு!" என்று மாமி கூப்பிட, "இந்தா வந்துட்டேன் மாமி" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. இவ்வளவு சத்தமாக அவள் இந்த வீட்டில் பேசியதே இல்லை, அந்தச் சத்தம் ஆறுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும், முன்னறைக்குப் போய் மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட வேண்டும் என்று பலகையை விட்டு எழுந்தவள், போன் கையில் இருப்பதை மறந்து, கட்டைவிரலை எடுத்துவிட்டாள், மாமிக்குச் சொன்ன அந்தப் பதிலோடு சேர்த்து அத்தனையும் அக்காவுக்குப் போய்விட்டது.